கழுவாத திராட்சை: ஓவியக் கல்லூரி முதலாண்டு மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி, தங்கைகளுக்கு,

உங்கள் வகுப்பறை மூலையில் ஒரு மேசை இருக்கும். அதன்மேல் கசங்கிய வெள்ளைத் துணி, ஒரு பித்தளைச் சொம்பு, ஒரு காலி பாட்டில், பிளாஸ்டிக் ஆப்பிள் இரண்டு, பிளாஸ்டிக் திராட்சைக் கொத்து ஒன்று. ஆப்பிள்மேல் நாலு வருடத் தூசி. எங்கள் காலத்திலும் அதே மேசைதான். அந்தச் சொம்பைக்கூட மாற்றியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். ‘ஸ்டில் லைஃப்’ பாடவேளை என்றாலே எங்களில் பாதிப் பேர் டீ குடிக்கப் போய்விடுவோம். மனித உருவத்துக்குப் போவதற்கு முன்னால் கழிக்கவேண்டிய தண்டனைக் காலம் அது என்பது எங்கள் கணக்கு. உங்கள் கணக்கும் ஏறக்குறைய அதுவாகத்தான் இருக்கும்.

ஓவிய வரலாற்று வகுப்பில் இன்னொன்று நடந்தது. பதினேழாம் நூற்றாண்டு டச்சுப் பழ ஓவியங்கள் பற்றி ஒரு ஜெராக்ஸ் தாள் கொடுத்தார்கள். ஆப்பிள் என்றால் ஆதாம் ஏவாளின் பாவம். திராட்சை என்றால் ஏசுவின் ரத்தம். மாதுளை என்றால் உயிர்த்தெழுதல். வால்நட் கொட்டையின் ஓடு சிலுவை மரம், பருப்பு கிறிஸ்து. எலுமிச்சை வெளியே அழகு, உள்ளே புளிப்பு. வண்ணத்துப்பூச்சி ஆன்மா, ஈ அழுகல். கனவுப் பலன் புத்தகத்தில் பாம்பு கடித்தால் இது, பல் விழுந்தால் அது என்று போட்டிருப்பார்களே, அதே பாணி. மனப்பாடம் செய்து நல்ல மதிப்பெண் வாங்கினேன். அதற்குப் பிறகு ரொம்ப வருடம் அந்தப் படங்களை நான் பார்க்கவே இல்லை. அவற்றைப் படித்துக்கொண்டிருந்தேன். எலுமிச்சையைக் கண்டால் ‘புளிப்பு’ என்று மனதில் டிக் போட்டுவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுவேன்.

உங்களிடமும் அந்தத் தாள் வந்து சேர்வதற்குள் இதை எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

பெயரிலிருந்தே தொடங்கலாம். ‘ஸ்டில்லேவன்’ என்ற டச்சுச் சொல் 1650 வாக்கில்தான் வீட்டுச் சொத்துப் பட்டியல்களில் தலைகாட்டுகிறது. ‘லேவன்’ என்றால் உயிர். ஓவியர்களின் பேச்சு வழக்கில், எதிரே வைத்துப் பார்த்து வரைகிற மாதிரி. அசையாமல் இருக்கும் மாதிரி, அவ்வளவுதான். அதற்கு முன்னால் இந்த வகைப் படங்களுக்குப் பொதுப்பெயரே கிடையாது. மேசையில் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் இருந்தால் ‘சின்னக் காலை உணவு’, கொஞ்சம் தடபுடலாக இருந்தால் ‘சின்ன விருந்து’, பழம் இருந்தால் பழப்படம். தட்டில் என்ன இருக்கிறதோ அதுவே பெயர். பிரெஞ்சுக்காரர்கள் பின்னாளில் இதற்கு ‘செத்த இயற்கை’ என்று பேர் வைத்தார்கள். எனக்கு டச்சுப் பெயர்தான் பிடித்திருக்கிறது. அதில் சாவு வாடை இல்லை.

இவற்றை வாங்கியவர்கள் அரசர்கள் அல்ல, பெரும்பாலும் ஊர்க்காரர்கள். சீர்திருத்தச் சபை கோயில் சுவர்களைக் காலி செய்துவிட்டதால் ஓவியர்களுக்குப் பலிபீட வேலை போயிற்று. வீட்டுச் சுவருக்கு விற்கத் தொடங்கினார்கள். 1640ல் ஆம்ஸ்டர்டாம் வந்த பீட்டர் மண்டி என்ற ஆங்கிலேயப் பயணி, கசாப்புக்காரர், ரொட்டிக்காரர் கடைகளில்கூடப் படங்கள் மாட்டியிருப்பதையும், கொல்லர், செருப்புத் தைப்பவர் பட்டறைகளிலும் ஒரு படமாவது தொங்குவதையும் வியந்து எழுதியிருக்கிறார். ரொட்டிக்கடைச் சுவருக்குப் போகிற படத்தில் இறையியல் எவ்வளவு இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அந்த ஜெராக்ஸ் தாள் முழுப்பொய் என்று சொல்ல மாட்டேன். அந்தக் காலத்து டச்சு வீடுகளில் குறியீட்டுப் புத்தகங்கள் ரொம்பப் பிரபலம். பக்கத்துக்கு ஒரு சிறு படம், அதன்கீழ் ஒரு பாட்டு, அதற்கும் கீழே ஒரு நீதி. யாகோப் காட்ஸ் என்ற கவிஞர் இந்த வகையில் பெரிய ஆள். அவர் புத்தகம் இல்லாத வீடு அபூர்வம் என்பார்கள். இந்தப் புத்தகங்களை வைத்துக்கொண்டு டச்சு ஓவியங்களின் உள்ளர்த்தங்களை அவிழ்த்தவர் எடி டி யோங் என்ற கலை வரலாற்றாசிரியர். 1976ல் ரைக்ஸ்மியூசியம் அருங்காட்சியகத்தில் அதையொட்டி ஒரு பெரிய கண்காட்சியே நடந்தது. அப்புறம் சந்தேகத்துக்கே இடமில்லாத படங்களும் உண்டு. யான் டாவிட்ஸ் டி ஹேம் 1648ல் வரைந்த ஒரு படம் வியன்னாவில் இருக்கிறது. நடுவே கல்மாடம், அதில் திருப்பலிக் கிண்ணமும் அப்பமும், சுற்றிலும் பழமாலை. அதில் தொங்கும் திராட்சைக்கு நீங்கள் வேறு பொருள் சொன்னால் அவரே எழுந்து வந்து திருத்துவார்.

ஆனால் எல்லாப் படமும் அந்தப் படம் இல்லை. வில்லெம் கால்ஃப் என்றொருவர் இருந்தார் (1619–1693). ராட்டர்டாமில் பிறந்து ஆம்ஸ்டர்டாமில் வாழ்ந்து மறைந்தவர். இருட்டான பின்னணி, ஒரு கீழ்நாட்டுக் கம்பளம், சீனக் கிண்ணம், வெள்ளிப் பாத்திரம், பாதி உரித்த எலுமிச்சை. திரும்பத் திரும்ப இவைதான். ஹெரார்ட் டி லைரெஸ்ஸ என்ற ஓவியர், பார்வை போன பிறகு தன் பாடங்களைத் தொகுத்து 1707ல் வெளியிட்ட பெரிய புத்தகத்தில் கால்ஃபைக் கடிந்துகொள்கிறார். கால்ஃபின் கைத்திறனை மெச்சிவிட்டு அவர் வைக்கும் குற்றச்சாட்டு இது: இந்த மனிதர் எதற்கு இதை வரைந்தார் என்று அவருக்கே காரணம் சொல்லத் தெரியாது, மனதில் தோன்றிய பாத்திரத்தையும் பழத்தையும் வரைந்துவிட்டார், பொருள்பட எதையாவது அமைக்க வேண்டும் என்ற நினைப்பே இல்லை.

கவனித்தீர்களா? கால்ஃப் இறந்து பதினான்கே வருடத்தில், அதே ஊர் ஓவியர் ஒருவர் தேடிப் பார்த்தும் கிடைக்காத அர்த்தம், என் ஜெராக்ஸ் தாளில் ஒற்றை வரியில் கிடைத்திருந்தது!

டி லைரெஸ்ஸவும் நடுநிலையாளர் இல்லை. புராணக் காட்சியும் உருவகமும்தான் உயர்ந்த ஓவியம் என்பது அவர் கட்சி. அவருக்கு முன்பே 1678ல் சாமுவேல் வான் ஹோக்ஸ்ட்ராட்டன் என்ற ஓவியர், பழமும் பாத்திரமும் வரைகிறவர்களைக் கலைப்படையின் சாதாரண சிப்பாய்கள் என்று ஓரங்கட்டியிருந்தார். வேடிக்கை என்னவென்றால் அந்தச் சிப்பாய்களின் சரக்கு நன்றாகவே விற்றது. 1983ல் ஸ்வெட்லானா ஆல்பர்ஸ் என்ற கலை வரலாற்றாசிரியர் ஒரு புத்தகம் எழுதி வழக்கை மறுபக்கம் திருப்பினார்: டச்சு ஓவியம் கதை சொல்லவில்லை, உலகத்தை விவரிக்கிறது, லென்ஸும் வரைபடமும் கொண்டாடப்பட்ட ஊரில் பார்ப்பதே ஒரு அறிவு. உள்ளர்த்தம் தேடும் டி யோங் கட்சியும் இந்த ஆல்பர்ஸ் கட்சியும் பல வருடம் மோதிக்கொண்டன. நான் எந்தக் கட்சியிலும் இல்லை. ஏன் என்பதை ஒரு திராட்சையை வைத்துச் சொல்கிறேன்.

பன்னீர் திராட்சை வாங்கும்போது அதன்மேல் சாம்பல் பூத்த மாதிரி ஒரு வெளுப்பு இருக்கும் அல்லவா? ‘மருந்து அடிச்சிருக்காங்க’ என்று அம்மா உப்புத் தண்ணீரில் ஊறப்போடுவார். மருந்து அடிப்பது உண்மைதான், கழுவுவதும் சரிதான். ஆனால் அந்த வெளுப்பு மருந்தால் வந்ததில்லை. பழம் தானே தன்மேல் பூசிக்கொள்ளும் மெழுகு. ஈரப்பதம் போகாமல் காக்கிறது. விரல் பட்டால் கலைந்துவிடும். கலைந்த இடத்தில் தோல் பளபளவென்று கறுத்துத் தெரியும். திரும்ப வராது.

இதே வெளுப்பைப் பார்த்துத்தான் காட்ஸ் ஒரு நீதி சொன்னார். திராட்சைக் கொத்தைப் பழத்தில் பிடிக்காதே, காம்பில் பிடி. பழத்தைத் தொட்டால் அந்தப் பூச்சு அழிந்துவிடும். கன்னிப் பெண்ணின் மானமும் அப்படியே, திருமணம் என்ற காம்பைப் பிடித்துத்தான் அவளை அணுக வேண்டும். டச்சுக் குடும்ப ஓவியங்களில் சில பெண்களும் குழந்தைகளும் ஒரு கொத்துத் திராட்சையைக் காம்பு நுனியில் இரண்டு விரலால் தூக்கிப் பிடித்திருப்பார்கள். அந்த விநோதமான பிடிக்குக் காரணம் இதுதான் என்று எடி டி யோங் 1974ல் எழுதிய கட்டுரை இன்றைக்கும் படிக்கச் சுவையானது. பெண்ணை மட்டும் பழமாக்குகிற அந்த நீதி எனக்கு உவப்பானதில்லை. ஊருக்கு ஊர் இந்த விஷயத்தில் மட்டும் வித்தியாசமே இருக்காது போலிருக்கிறது. நான் சொல்ல வந்தது வேறு. நீதி சொல்பவருக்கு அந்த வெளுப்பு ஒரு உவமை. ஓவியருக்கு அது ஒரு வேலை. தொடாத பழத்தைத் தொடாத பழம் என்று தெரியும்படி எப்படி வரைவது?

செல்போனை எடுங்கள். ரைக்ஸ்மியூசியத்தின் இணையதளத்தில் டி ஹேமின் பழப் படங்கள் பெரிய அளவில் இலவசமாகக் கிடைக்கின்றன. திராட்சைமேல் விரலை வைத்து விரித்துக்கொண்டே போங்கள்.

முதலில் கிடைப்பது இருட்டு. பழுப்பான அடித்தளம் பூசி, அதன்மேல் ‘செத்த வண்ணம்’ என்று அவர்கள் அழைத்த முதல் பூச்சு: மங்கலான ஒன்றிரண்டு நிறங்களில் உருவமும் நிழலும் மட்டும். அது காய்ந்த பிறகுதான் பழம் பழமாக நிறம் ஏறும். பச்சைத் திராட்சையாக இருந்தால், வெளிச்சம் இடப்பக்கச் சன்னலிலிருந்து வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்களும் நானும் கற்ற பாடப்படி உருண்டைக்கு இடப்பக்கம் வெளுப்பு, வலப்பக்கம் நிழல். உங்கள் மேசையில் உள்ள பிளாஸ்டிக் திராட்சைக்கு அது சரி. நிஜத் திராட்சைக்குள் ஒளி நுழைகிறது. சாற்றில் கலைந்து, எதிர்ப்பக்கத்துத் தோலை உள்ளிருந்து வெளிச்சமாக்குகிறது. அதனால் நிழல் இருக்க வேண்டிய வலப்பக்கக் கீழ் விளிம்பில்தான் பழம் விளக்கேற்றி வைத்தது போல எரியும். டி ஹேம் அந்த இடத்தில் தேன் நிறத்தில் ஒரு பிறையைத் தடவியிருப்பார். அதைக் கட்டைவிரலால் மறைத்துப் பாருங்கள், பழம் உடனே கோலிக்குண்டு ஆகிவிடும்.

அதற்கு மேலே நீலமும் வெள்ளையும் கலந்த ஒரு மூட்டம். அநேகமாகக் காய்ந்த தூரிகை. வண்ணத்தை அடியில் இருப்பது தெரியும்படி இழுத்து விட்டிருப்பார்கள். நீங்கள் வகுப்பில் ‘ஸ்கம்பிள்’ என்று கற்பீர்கள். எல்லாப் பழத்திலும் ஒரே மாதிரி மூட்டம் போட்டால் மாவு தூவியது போலாகிவிடும். ஆகவே ஒரு பழத்தில் முழுதாக, பக்கத்துப் பழத்தில் பாதி, இரண்டு பழம் உரசிக்கொண்ட இடத்தில் கொஞ்சமும் இல்லாமல். மூட்டம் உள்ள இடத்தில் சன்னல் வெளிச்சம் மங்கிப் பரவும். மூட்டம் கலைந்த இடத்தில் கூர்மையான வெள்ளைப் புள்ளியாக நிற்கும். அந்தப் புள்ளியைக் கடைசியில் வைத்துவிட்டுத் தூரிகையைக் கழுவப் போய்விடலாம்.

காட்ஸ் பக்கம் பக்கமாகப் பேசியதெல்லாம் இந்த ஒரு மூட்டத்தில் இருக்கிறது. பார்ப்பவர் புத்தகம் படித்திருந்தால் நீதி ஞாபகம் வரும். படிக்காவிட்டால் கையை நீட்டத் தோன்றும், கூடவே தொட்டால் கலைந்துவிடுமே என்று ஒரு தயக்கமும் வரும். அந்தத் தயக்கம்தான் பொருள். அதைத் தனியாகக் கழற்றி எடுத்துத் தாளில் எழுதினால் கையில் ஒன்றும் மிஞ்சாது.

இந்த வேலைகளை யாரும் ரகசியமாக வைத்திருக்கவில்லை என்பதும் உங்களுக்குத் தெரிய வேண்டும். வில்லெம் பியோர்ஸ் என்ற ஓவியர் 1692ல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு புத்தகம் வெளியிட்டார். சிறியதாக வரைந்த பெரிய உலகம் என்பது போலப் பெயர். எந்தப் பழத்துக்கு எந்த நிறம், நிழலுக்கு எதைக் கலப்பது, ஒளிக்கு எது, கடைசித் தடவல் எது என்று சமையல் குறிப்பு மாதிரி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போகிறார். ஸ்வோல்ல என்ற ஊரில் தன்னிடம் படித்த நான்கு பெண்களுக்கு அந்தப் புத்தகத்தைக் காணிக்கையாக்கியிருக்கிறார். தங்கைகள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். நிர்வாண மாதிரியை வைத்து வரையும் வகுப்புக்குள் பெண்களை விடாத காலம் அது. பழமும் பூவும் வரைவதை மட்டும் யாரும் தடுக்க முடியவில்லை. ராஹெல் ரய்ஷ் (1664–1750) அந்த வழியாகத்தான் போனார். அப்பா உடற்கூற்றியல், தாவரவியல் அறிஞர். வீடு நிறையப் பதப்படுத்திய மாதிரிகள். பத்துப் பிள்ளை பெற்று, எண்பது வயதைத் தாண்டியும் வரைந்து, கடைசிப் படங்களில் தன் வயதையும் சேர்த்துக் கையெழுத்திட்டார். ஃப்ளாரன்ஸ் நகரில் உள்ள அவருடைய 1711ஆம் ஆண்டுப் பழப் படத்தில் பீச்சும் திராட்சையும் இருக்கட்டும், கீழே பறவைக் கூட்டின் பக்கம் வந்து நிற்கிற பல்லியைப் பாருங்கள்.

ஒரு நீர்த்துளியைப் பற்றிச் சொல்லிவிட்டு எலுமிச்சைக்குப் போகிறேன். பிளம் பழத்தின்மேல் துளி வரையச் சொன்னால் முதலாண்டில் எல்லோரும் வெளிச்சப் பக்கத்தை வெளுப்பாக்குவோம். தலைகீழ். துளிக்குள் வெளிச்சம் வரும் பக்கம் இருட்டு, எதிர்ப்பக்கம் ஒளி; இருட்டுக்குள் ஒரு வெள்ளைப் புள்ளி; துளியின் நிழலுக்கு நடுவில் ஒரு ஒளிக்கீற்று. நாலு தடவல். வெள்ளை வண்ணம் அரிசி மணியில் பாதி செலவாகாது.

எலுமிச்சைக்கு வருவோம். நம் ஊர் எலுமிச்சையை மனதில் வைத்துக்கொண்டு இந்தப் படங்களைப் பார்த்தால் ஒன்றும் விளங்காது. நம்முடையது மெல்லிய தோல்; கத்தியால் சுருள் சுருளாக உரிக்கவே முடியாது, நறுக்கிப் பிழியத்தான் முடியும். ஆம்ஸ்டர்டாமுக்கு மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து கப்பலில் வந்தது தடித்த தோல் எலுமிச்சை. நார்த்தங்காயைப் போல மேடுபள்ளமான வெளித்தோல், அதன்கீழ் பஞ்சு மாதிரி வெள்ளைச் சதை, அதற்கும் உள்ளே சுளை. ஒரே பழத்தில் மூன்று விதமான பரப்பு. ஹார்லெம் நகரத்து வில்லெம் கிளாஸ் ஹேடா 1635ல் வரைந்த தங்க முலாம் பூசிய கிண்ணப் படத்தில், மேசை முழுக்கச் சாம்பலும் பச்சையும் கலந்த ஒரே சாயல். வெள்ளைத் துணி, ஈயத் தட்டு, சிப்பி, கண்ணாடிக் கோப்பை. அந்த மங்கலுக்குள் ஒரு மஞ்சள் சுருள் அவிழ்ந்து கிடக்கிறது. கச்சேரியில் தம்புரா மட்டும் ஒலித்துக்கொண்டிருக்கும்போது பாடகர் முதல் ஸ்வரத்தைப் பிடித்த மாதிரி.

கால்ஃப் அதே பழத்தை வேறு விதமாகச் செய்தார். வெளித்தோலின் மேடுகளை வரையாமல் கட்டியான வண்ணத்தைப் புள்ளி புள்ளியாக வைத்துவிட்டார். வண்ணமே மேடாக நிற்கிறது, அறையின் வெளிச்சம் அதன்மேல் நிஜமாகவே விழுகிறது. உள்ளே வெள்ளைச் சதைக்கு வறண்ட, தடித்த பூச்சு. சுளைக்கு மட்டும் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு, அடியில் உள்ள நிறம் கசியும்படி ‘கிளேஸ்’. ஜெராக்ஸ் தாள் சொல்வது போல ‘வெளியே அழகு உள்ளே புளிப்பு’ என்பதை அவர் நினைத்தாரோ இல்லையோ, மூன்று விதப் பூச்சையும் ஒரே பழத்தில் காட்டிவிட முடியும் என்பதை நிச்சயம் நினைத்திருப்பார். உரித்த எலுமிச்சை என்பது டச்சு ஓவியரின் கையெழுத்துப் பயிற்சி, விளம்பரப் பலகை, இரண்டும்தான். வாங்க வருபவர் மற்ற எதையும் பார்க்க வேண்டாம், அதைப் பார்த்தால் போதும், விலை படிந்துவிடும்.

அந்த மஞ்சளுக்கு ஒரு கதை உண்டு. ஈயத்தையும் வெள்ளீயத்தையும் சேர்த்துச் சுட்டு எடுக்கும் ஒரு நிறம். பதினேழாம் நூற்றாண்டில் எங்கும் புழங்கியது. பிறகு வேறு மஞ்சள்கள் வர, இதை மறந்தே போனார்கள். 1941ல் ஜெர்மானிய வேதியியலாளர் ரிச்சர்ட் யாகோபி பழைய ஓவியங்களைச் சோதித்தபோதுதான் இப்படி ஒன்று இருந்தது என்பது மறுபடி தெரியவந்தது. எலுமிச்சைகள் இன்னும் மஞ்சளாக இருப்பதற்கு அது ஒரு காரணம். இலைகளுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. செடிகளிலிருந்து எடுத்த மலிவான மஞ்சள் சாயத்தை நீலத்தோடு கலந்து பச்சையாக்கியிருந்தார்கள்; வெளிச்சம் பட்டுப் பட்டு மஞ்சள் பறந்துவிட்டது. நீலம் மட்டும் நின்றுவிட்டது. பழப் படங்களில் நீல இலைகளைப் பார்த்து ‘என்ன கற்பனை!’ என்று வியக்காதீர்கள். நிலையாமையைக் காட்டுவதற்கு அழுகிய பழம் வரைந்தவர்கள், தங்கள் இலையே ஒருநாள் இப்படிச் சாயம் போகும் என்று எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

இன்னொரு பொய்யையும் கலைத்துவிடுகிறேன். பார்த்ததை அப்படியே வரைந்தார்கள் என்பது. ஒரே கூடையில் செர்ரியும் திராட்சையும் இருக்கும். ஒன்று கோடைத் தொடக்கத்துப் பழம், இன்னொன்று இலையுதிர் காலத்துப் பழம். அப்படியொரு கூடை எந்த வீட்டு மேசையிலும் இருந்ததில்லை. தனித்தனியாக வரைந்து வைத்த படிவங்களிலிருந்து கோத்திருப்பார்கள், அல்லது ஒரு மூலையைக் காலியாக விட்டுப் பருவத்துக்குக் காத்திருப்பார்கள். யான் வான் ஹாய்சம் என்ற ஓவியர் மஞ்சள் ரோஜா கிடைக்காததால் படம் முடியவில்லை என்று 1742ல் வாடிக்கையாளர் தரப்புக்குக் கடிதமே எழுதியிருக்கிறார். டி ஹேம் உட்ரெக்ட்டில் பிறந்தவர், ஆண்ட்வெர்ப்புக்குக் குடிபோனார். ஏன் என்பதற்கு அந்தக் காலத்து எழுத்தாளர் ஸாண்ட்ரார்ட் சொல்லும் காரணம்: அங்கேதான் பெரிய பிளம், பீச், செர்ரி, ஆரஞ்சு, எலுமிச்சை, திராட்சை எல்லாம் நல்ல பழுத்த பக்குவத்தில், பார்த்து வரையக் கிடைக்கும். மாதிரிக்காக ஊர் மாறிய மனிதர். நமக்கோ நாலு வருடம் பழைய பிளாஸ்டிக் ஆப்பிள்.

இந்த மேசைகளில் நம் பக்கத்து வாடையும் கொஞ்சம் உண்டு. பீட்டர் கிளாஸ் 1627ல் வரைந்த வான்கோழிப் பணியார விருந்துப் படத்தில் சீனக் கிண்ணம் நிறையப் பழம், உரித்த எலுமிச்சை, சிப்பி. ஓரத்தில், பஞ்சாங்கத் தாளைச் சுருட்டிய பொட்டலத்திலிருந்து மிளகும் உப்பும் கொட்டிக் கிடக்கிறது. கடலை மடித்துக் கொடுப்பார்களே, அச்சு அசல் அதே பொட்டலம். அந்த மிளகு டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பலில் ஆசியாவிலிருந்து வந்தது. ஜாவா, சுமத்ரா பக்கம் மிளகும் வாசனைப் பொருளும் வாங்க வெள்ளி மட்டும் போதவில்லை. அங்கே கேட்டது சோழமண்டலக் கரையின் துணி. அதற்காகத்தான் பழவேற்காட்டில் 1613ல் கோட்டை கட்டினார்கள். அங்கிருந்து துணி போயிற்று. அடிமைகளாக மனிதர்களும் போனார்கள். பீட்டர் கிளாஸ் ஹார்லெமில் வரைந்த மேசையின் ஓரத்தில் சிந்திய மிளகுக்குப் பின்னால் ஒரு நெசவாளியின் தறி இருக்கிறது. பழவேற்காடு போனால் டச்சுக் கல்லறையைப் பாருங்கள். வாசலில் எலும்புக்கூடுகளைக் கல்லில் செதுக்கி நிறுத்தியிருக்கிறார்கள். மண்டையோடும் மணல் கடிகாரமும் வைத்து நிலையாமைப் படங்கள் வரைந்தார்களே, அதே காலத்து மனம்தான். வெயிலில் நின்று பார்க்கும்போது அது ஜெராக்ஸ் தாளைவிட நன்றாகப் புரிகிறது.

கடைசியாக ஒருவரைப் பற்றி. அட்ரியன் கூர்ட்டே. மிடில்பர்க் பக்கத்துக்காரர், 1683 முதல் 1707 வரை தேதியிட்ட படங்கள் கிடைக்கின்றன. ஓவியர் சங்கத்தில் சேராமல் படம் விற்றதற்காக அபராதம் கட்டினார் என்று ஒரு பதிவு இருக்கிறது. அவரைப் பற்றிய ஆவணம் என்று பார்த்தால் ஏறத்தாழ அவ்வளவுதான். சக ஓவியர்கள் தங்கக் கிண்ணம், நண்டு, கம்பளம் என்று மேசையை நிரப்பிக்கொண்டிருந்த காலத்தில் இவர் ஒரு கல் விளிம்பு, பின்னால் இருட்டு, அதன்மேல் ஐந்து ஆப்ரிகாட் என்று நிறுத்திக்கொண்டார். பலவற்றைக் காகிதத்தில் வரைந்து பலகையில் ஒட்டியிருக்கிறார். இருநூறு வருடத்துக்கு மேல் யாரும் கண்டுகொள்ளவில்லை. 1950களில் லாரன்ஸ் போல் என்ற அருங்காட்சியக இயக்குநர் தேடித் திரட்டி, 1958ல் டோர்ட்ரெக்ட்டில் கண்காட்சி வைத்தார். ஹேக் நகரத்து மௌரிட்ஸ்ஹௌஸ் அருங்காட்சியகத்தில் இருக்கும் 1705ஆம் ஆண்டுக் காட்டு ஸ்ட்ராபெரிப் படம் உங்கள் ஸ்கெட்ச் நோட்டின் ஒரு பக்கத்தைவிடச் சிறியது. ஒரு குவியல் சிவப்புப் பழம், ஒரு காம்பில் வெள்ளைப் பூ. விதைகள் ஒவ்வொன்றும் தனித்தனியே வெளிச்சம் வாங்குகின்றன. ஸ்ட்ராபெரி சொர்க்கத்தின் பழம் என்று ஜெராக்ஸ் தாளில் இருக்கும். கூர்ட்டேக்கு அது தெரிந்திருக்கலாம். பார்க்கும்போது அது எனக்கு ஒருமுறைகூட ஞாபகம் வந்ததில்லை. டச்சுப் பழ ஓவியர்களில் யார் பெரியவர் என்று கேட்டால் திறமைக்கு டி ஹேம், கண்ணுக்கு கூர்ட்டே என்பேன்.

எனவே ஒரு வேண்டுகோள். வரும் திங்கட்கிழமை அந்த பிளாஸ்டிக் கொத்தை அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிடுங்கள். ஆசிரியர் கேட்டால் என் பேரைச் சொல்லுங்கள். நாலு பேர் சேர்ந்து காசு போட்டு அரைக் கிலோ பன்னீர் திராட்சை வாங்குங்கள். கடைக்காரர் கொத்தைக் கையால் அள்ளிப் போட வருவார்; வேண்டாம் அண்ணே, காம்பைப் பிடிச்சு எடுங்க என்று சொல்லுங்கள். ஒரு மாதிரிப் பார்ப்பார், பரவாயில்லை. பையில் அமுக்காமல் கொண்டுவந்து சன்னலோரம் வையுங்கள். அன்றைக்கு வரையவே வேண்டாம், வெளுப்பு எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் வரையுங்கள். மூன்றாம் நாள் சில பழம் சுருங்கும், ஈ வரும். ஈயையும் வரையுங்கள். வரைந்து முடிக்கும் வரை ஒருத்தர்கூடத் தொடக் கூடாது.

சாப்பிடுவதாக இருந்தால் முதல் நாளே தனியாக ஒரு கால் கிலோ வாங்கிக்கொள்ளுங்கள். அதைக் கழுவித்தான் சாப்பிட வேண்டும்.

அன்புடன்,
உங்களுக்கு முன்னால் அதே மேசை எதிரே உட்கார்ந்திருந்தவன்